வைரஸுக்கு வைத்த ஆப்பும் ஒரு நாள் லாபமும்

"மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்" என்று ஜலதோஷத்தைக் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியைக் கணக்குப்படி பொய்யாக்கிய மாத்திரை ஒன்று இருந்தது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கு 7.3 நாளில் தீர்ந்த சளி, இந்த மாத்திரையை விழுங்கியவர்களுக்கு 6.3 நாளில் தீர்ந்தது. மருந்துக்குப் பலனே இல்லாமல் வெறும் தற்செயலால் இந்த வித்தியாசம் வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. மருந்தின் பெயர் பிளெகோனாரில். விற்பனைக்கென்று பிகோவிர் என்ற பெயரும் தயாராக இருந்தது. 2002 மார்ச் 19 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு கூடி, 15-க்கு 0 என்று ஒரே குரலில் வேண்டாம் என்றது.

பலிக்காத மருந்து தோற்பதில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. அப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் உண்டு. பலித்த மருந்துக்கு ஒரு ஓட்டுகூட விழாமல் போனதுதான் விஷயம். அதைப் புரிந்துகொள்ள, சளி வைரஸின் மேலோட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பொந்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஜலதோஷங்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் ரைனோவைரஸ். போலியோ, காக்ஸாக்கி, எக்கோ வைரஸ்களோடு சேர்ந்து பிகோர்னா குடும்பத்தைச் சேர்ந்தது. 'பிகோ' என்றால் மிகச் சிறியது, 'ஆர்என்ஏ' அதன் மரபுப்பொருள், இரண்டும் சேர்ந்து குடும்பப் பெயர் ஆயிற்று. விட்டம் சுமார் 30 நானோமீட்டர். உள்ளே 7,200 எழுத்து அளவில் ஓர் ஆர்என்ஏ இழை. வெளியே விபி1, விபி2, விபி3, விபி4 என்ற நான்கு புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள், கச்சிதமாகக் கோத்த ஓடு. கொழுப்புப் படலம் கிடையாது. (சாராயம் கலந்த கைச் சுத்திகரிப்பான் ஃப்ளூ வைரஸைக் கொல்வது போல இதைச் சுலபமாகக் கொல்லாததற்கு இதுதான் காரணம். சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது மேல்.)

1985-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மனின் குழு, ரைனோவைரஸ் 14 என்ற வகையின் ஓட்டை அணு அணுவாகப் படம் பிடித்தது. எக்ஸ் கதிர்ப் படிகவியல்தான் கருவி. ஓட்டில் ஐந்து முகங்கள் கூடும் முனைகள் 12 உண்டு. ஒவ்வொரு முனையைச் சுற்றியும் கோட்டைக்கு அகழி போல ஒரு பள்ளம் ஓடுவது தெரிந்தது. நம் மூக்குச் செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஐகேம்-1 என்ற ஏற்பி அந்தப் பள்ளத்துக்குள்தான் நுழைந்து பிடித்துக்கொள்கிறது. பள்ளத்தின் தரைக்குக் கீழே, விபி1 புரதத்தின் வயிற்றுக்குள், தண்ணீரை ஒதுக்கும் குறுகலான பொந்து ஒன்று இருந்தது. வெளியே திறக்கும் வாய் சிறியது, உள்ளே நீளம்.

மறு ஆண்டே அந்தப் பொந்துக்கு ஒரு குடித்தனக்காரர் கிடைத்தார். நியூயார்க் மாநிலத்தின் ரென்ஸெலரில் இயங்கிய ஸ்டெர்லிங்-வின்த்ராப் நிறுவனம், பிகோர்னா வைரஸ்களை அடக்கும் சேர்மங்களைக் கைவசம் வைத்திருந்தது. வின்த்ராப்பின் சுருக்கமாக 'வின்' என்று தொடங்கும் எண்களே அவற்றுக்குப் பெயர். எப்படி அடக்குகின்றன என்பதை அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ரைனோவைரஸ் படிகத்தை வின் 51711 கரைசலில் ஊறவைத்துப் படம் எடுத்தபோது, மருந்து நேராக அந்தப் பொந்துக்குள் போய்ப் படுத்திருந்தது. வைரஸ் ஓட்டில் மருந்து உட்கார்ந்திருப்பதை அணு அளவில் காட்டிய முதல் படங்களில் இதுவும் ஒன்று.

அப்படிப் படுத்தால் வைரஸுக்கு என்ன நஷ்டம்? படத்தில் ஓடு கல் போலத் தெரிந்தாலும் உண்மையில் அது மூச்சு விடுகிறது. 1998-இல் ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. ரைனோவைரஸ் 14-ஐ அறை வெப்பத்தில் டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியோடு விட்டு, வெட்டுண்ட துண்டுகளை நிறைமானியில் பார்த்தார்கள். ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்க வேண்டிய விபி4 வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே இருப்பது அவ்வப்போது வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது என்றுதான் அதற்குப் பொருள். வின் மருந்து ஒன்றைச் சேர்த்ததும் இந்த வெட்டு நின்றுபோனது. செல்லுக்குள் நுழைந்த வைரஸ் தன் ஓட்டை நெகிழ்த்தி ஆர்என்ஏவை வெளியே விட வேண்டும். அதற்கு இந்த அசைவு தேவை. பல ரைனோவைரஸ்களின் பொந்தில் இயல்பாகவே ஒரு கொழுப்பு மூலக்கூறு இருக்கும். ஓடு நெகிழும் நேரத்தில் அது நழுவி வெளியேறும். மருந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும், நழுவாது. மூட்டில் அடித்த ஆப்புதான். ரைனோவைரஸ் 14 போன்ற சிலவற்றில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பொந்துக்குள் மருந்து புகுந்ததும் பள்ளத்தின் தரை மேலே எழும்பி, ஏற்பி உட்கார இடமில்லாமல் போய்விடுகிறது.

ஆப்பைச் செதுக்கிய கதை பத்தாண்டுக்கு மேல் நீண்டது. வின் 51711, அதாவது டிசாக்ஸாரில், இரு முனையிலும் வளையங்கள் கொண்டது. நடுவே ஏழு கார்பன் நீளச் சங்கிலி. நோயில்லாத தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் படிகங்கள் விழுந்தன. அத்தோடு அது முடிந்தது. அடுத்தது வின் 54954, சங்கிலி ஐந்து கார்பன். காக்ஸாக்கி ஏ21 வைரஸைத் தன்னார்வலர் மூக்கில் விட்டுப் பார்த்த சோதனையில் நன்றாகவே காத்தது. ரைனோவைரஸை விட்டபோது காக்கவில்லை. கூடவே முகம் சிவத்தல், தடிப்பு. மூன்றாவதுதான் வின் 63843. சங்கிலி மூன்றே கார்பன். அதுவே பிளெகோனாரில்.

ஏழு, ஐந்து, மூன்று என்று குறைத்தது விளையாட்டுக்கு அல்ல. ரைனோவைரஸ் 14-இன் பொந்து நீளமானது. 1ஏ போன்ற வகைகளின் பொந்து குட்டை. நீளமான ஆப்பு நீளப் பொந்தில் மட்டும் நிற்கும். குட்டை ஆப்பு இரண்டிலும் ஓரளவு நிற்கும். நூறு வகைகளுக்கு ஒரே மருந்து வேண்டுமென்றால் குட்டையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு திருத்தம் கல்லீரலை மனத்தில் வைத்துச் செய்தது. முந்தைய சேர்மங்களின் ஒரு முனையில் இருந்த வளையம் கல்லீரல் நொதிகளிடம் சீக்கிரம் சிதைந்தது. அதற்குப் பதிலாக ஆக்ஸாடயசோல் வளையம், அதன் நுனியில் மூன்று ஃப்ளூரின் அணுக்கள் கொண்ட கார்பன். கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பை நொதிகளால் லேசில் கடிக்க முடியாது. மருந்து ரத்தத்தில் நீண்ட நேரம் நின்றது, மூளைத் தண்டுவட நீருக்குள்ளும் போனது. மூலக்கூறு எடை 381. கல்லீரலிடமிருந்து தப்ப இவ்வளவு யோசித்துச் செய்த மூலக்கூறு, கடைசியில் கல்லீரல் விவகாரத்திலேயே மாட்டிக்கொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வகத்தில் இந்த மருந்தின் வீரியத்தை அளப்பது பார்க்க எளிது, செய்ய எரிச்சல். 96 குழித் தட்டில் ஹீலா என்ற மனிதச் செல்களை வளர்த்து, மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் சேர்த்து, வைரஸை விட்டு, மூன்று நாள் வைத்திருந்து, உயிரோடு மிஞ்சிய செல்களைப் படிக ஊதாச் சாயத்தால் நிறமேற்றிப் படிப்பார்கள். பாதிச் செல்களைக் காப்பாற்றும் மருந்துச் செறிவுதான் இசி50. இதில் தவறு நேரும் இடங்கள் பல. முதலாவது வெப்பம். ரைனோவைரஸ் மூக்கின் வெப்பத்துக்குப் பழகியது. 33 அல்லது 34 டிகிரியில் வைக்க வேண்டும். வழக்கம்போல 37-இல் வைத்தால் பல வகைகள் மந்தமாகிவிடும், மருந்து அபாரமாக வேலை செய்வதாகத் தோன்றும்.

இரண்டாவது கரைதிறன். பிளெகோனாரில் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த அடர் கரைசலைக் குளிர்ந்த வளர்ப்பு ஊடகத்தில் நேரே ஊற்றினால் வெண்மையாகத் திரிந்து கீழே படிந்துவிடும். குழியில் 10 மைக்ரோகிராம் இருப்பதாக ஏட்டில் எழுதியிருப்போம், வைரஸ் பார்ப்பது 2 ஆக இருக்கலாம். நீர்ப்புத் தொடர் முழுவதையும் டிஎம்எஸ்ஓவிலேயே செய்து முடித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வெதுவெதுப்பான ஊடகத்தில் கலப்பது சரியான வழி. எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு இருக்க வேண்டும், அரை சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. சீரம் அதிகம் சேர்த்தாலும் கோளாறு. கொழுப்பை விரும்பும் மருந்து சீரம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, வைரஸுக்குக் கிடைக்காமல் போகும். மலிவான பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டும்.

மூன்றாவது, அதிகம் பேர் ஏமாறும் இடம், அமிலம். போலியோ வைரஸ் வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போக வேண்டியது, அமிலத்தைத் தாங்கும். ரைனோவைரஸ் தாங்காது. அமிலத்தன்மை பிஎச் 6-க்குக் கீழே போனாலே சாக ஆரம்பிக்கும். செல்கள் அடர்ந்து வளர்ந்து ஊடகம் மஞ்சளாகிவிட்டால், வைரஸ் மருந்தால் செத்ததா புளிப்பால் செத்ததா என்று சொல்ல முடியாது. செல் மட்டும், செல்லும் மருந்தும், செல்லும் வைரஸும், மூன்றும் சேர்ந்தது என்று நான்கு வகைக் குழிகளும் ஒரே தட்டில் இல்லாத முடிவை நம்பக் கூடாது. ஓரக் குழிகள் மூன்று நாளில் வற்றும், அவற்றில் ஊடகத்தை மட்டும் நிரப்பிக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம்.

மருந்து எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நேரத்தை மாற்றி மாற்றிச் சேர்ப்பார்கள். வைரஸோடு சேர்த்து விட்டால் முழுப் பலன். வைரஸ் ஓட்டை உதறி ஆர்என்ஏ வெளியே வந்த பிறகு விட்டால், அந்தச் செல்லுக்குள் பலன் இல்லை. ஏற்கனவே விழுந்த வீட்டை இந்த மருந்து காப்பாற்றாது, அடுத்த வீட்டுக்குப் போகும் வைரஸைத்தான் தடுக்கும். ஆய்வகத்தின் இந்த ஒரு வரிக் குறிப்புதான் பின்னால் மனிதரிடம் ஒரே ஒரு நாள் லாபம் கிடைத்ததற்கு விளக்கம்.

ஆப்பைப் பிடுங்கும் வழியும் வைரஸுக்குத் தெரியும். ஆர்என்ஏவைப் பிரதியெடுக்கும் அதன் நொதி பிழை திருத்தாது. பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறும், அதாவது ஏறக்குறையப் பிரதிக்கு ஒரு பிழை. 1989-இல் ரைனோவைரஸ் 14-ஐ வின் மருந்து ஒன்றின் உயர்ந்த செறிவில் வளர்த்தபோது, லட்சத்துக்கு நான்கு என்ற கணக்கில் மசியாத வைரஸ்கள் கிடைத்தன. விபி1-இன் 188, 199 ஆகிய இடங்களில் சிறிய அமினோ அமிலம் போய்ப் பருத்தது வந்திருந்தது. இரண்டு இடமும் பொந்தின் சுவர். சுவர் உப்பிவிட்டால் ஆப்பு நுழையாது. இப்படி மாறிய வைரஸ் சில சமயம் நோஞ்சானாகிவிடும் என்பது ஆறுதல். பிளெகோனாரிலுக்கு மசியாத காக்ஸாக்கி பி3 வகைகள் எலிகளிடம் வீரியம் குறைந்தே இருந்தன.

பிறவியிலேயே மசியாதவையும் உண்டு. ரைனோவைரஸின் பழைய நூறு வகைகளின் விபி1 வரிசையையும் ஒப்பிட்டபோது, 4, 5, 42, 84, 93, 97, 99 ஆகிய ஏழு வகைகள் தனித்து நின்றன. ரைனோவைரஸின் ஏ, பி என்ற பிரிவுகளில் இவை எல்லாமே பி. மற்றவற்றில் 152-ஆம் இடத்தில் டைரோசின், 191-இல் வாலின் இருக்க, இவற்றில் ஃபினைல்அலனின், லியூசின். 2002-இல் குழு கூடியபோது ரைனோவைரஸ் சி என்ற பிரிவு இருப்பதே யாருக்கும் தெரியாது. சாதாரணச் செல் வளர்ப்பில் அது வளராது. மரபு வரிசையைப் படிக்கும் முறைகள் பரவிய பிறகு, அந்தப் பத்தாண்டின் பின்பாதியில்தான் அகப்பட்டது. குழந்தைகளின் வீசிங்குக்கு அதிகம் பழி சுமப்பது அதுதான். 2016-இல் அதன் ஓட்டைப் படம் பிடித்தபோது, பருத்த அமினோ அமிலங்களால் பொந்தே அடைபட்டிருந்தது. பிளெகோனாரில் அங்கே நுழையவே முடியாது.

ஸ்டெர்லிங் நிறுவனம் கைமாறிய பிறகு, அங்கே இந்த ஆய்வைச் செய்தவர்களில் சிலர் 1994-இல் பென்சில்வேனியாவில் விரோபார்மா என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, மருந்து போய்ச் சேர்ந்திருந்த சனோஃபி நிறுவனத்திடமிருந்து அதன் உரிமையைப் பெற்றார்கள். முதலில் என்டரோவைரஸ்கள் (காக்ஸாக்கி, எக்கோ போன்றவை) உண்டாக்கும் மூளையுறைக் காய்ச்சலில் முயன்றார்கள். தானாகவே குணமாகும் நோய் அது, கிடைத்த பலன் சொற்பம். பிறகு பார்வை ஜலதோஷத்தின் பக்கம் போனது. சந்தை என்று பார்த்தால் அதைவிடப் பெரியது ஏது? வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று சளி என்பது சராசரி.

கடைசிக் கட்டச் சோதனைகள் இரண்டு, ஒரே வடிவம். 2,096 பேர். நடுத்தரத்திலிருந்து கடுமையான அறிகுறி தோன்றி 24 மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை. 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள். மொத்தம் 15 வேளை, 6 கிராம் மருந்து. உணவோடு சாப்பிட்டால்தான் நன்றாக உறிஞ்சப்படும். சளிப் பிடித்தவருக்கு முதலில் போவது பசி என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூக்குச் சளியை ஆர்டி-பிசிஆர் முறையில் பார்த்ததில் 1,363 பேரிடம் பிகோர்னா வைரஸ் இருந்தது, அதாவது 65 சதவீதம். மீதி 733 பேருக்கு வந்தது வேறு ஏதோ சளி. அவர்களில் மருந்துப் பக்கம் விழுந்தவர்கள் ஆறு கிராமையும் வீணாக விழுங்கினார்கள். சோதனையில் பிசிஆர் முடிவு பின்னால் வந்தாலும் பரவாயில்லை. நிஜத்தில் அப்படியில்லை. மூக்கில் குச்சியை விட்டு அரை மணியில் ரைனோவைரஸ் என்று சொல்லும் எளிய சோதனை அன்று கையில் இல்லை. மருத்துவர் ஊகத்தில்தான் எழுதித் தர வேண்டும், மூன்றில் ஒரு பங்கு ஊகம் தப்பும்.

24 மணி நேரக் கெடுவும் நினைப்பதைவிடக் கொடியது. வைரஸ் மூக்கில் புகுந்து ஒன்றிரண்டு நாளில் தொண்டை கரகரக்கும். அப்போதே பெருக்கம் உச்சத்தை நெருங்கிவிட்டது. மூக்கு ஒழுகுவதும் தலை கனப்பதும் பெரும்பாலும் வைரஸ் செய்யும் சேதம் அல்ல, நம் உடல் காட்டும் எதிர்வினை. அடுத்த வீட்டைக் காக்கும் மருந்தை, தெருவில் பாதி எரிந்த பிறகு கொண்டுவருகிறோம். இரண்டாம் நாளிலேயே மருந்துக் குழுவினரின் சளியில் வைரஸ் குறைந்தது, அறிகுறிப் புள்ளிகளும் இறங்கின. ஆனால் ஏற்கனவே கிளம்பிவிட்ட எதிர்வினை அடங்க அதன் பாட்டுக்கு நாளாகும். வந்த வைரஸ் எவ்வளவு எளிதில் மசியக்கூடியது என்று பின்னால் பிரித்துப் பார்த்தபோது படம் தெளிவானது. மில்லிலிட்டருக்கு 0.38 மைக்ரோகிராமுக்குள் இசி50 இருந்த வைரஸ் பிடித்தவர்களுக்கு லாபம் ஒரு நாள் அல்ல, ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு நாள் வரை. அதற்கு மேல் இருந்தவர்களுக்கு லாபம் பூஜ்யம். ஒரு நாள் என்ற சராசரிக்குள் இந்த இரு கூட்டமும் கலந்திருக்கின்றன. யார் எந்தக் கூட்டம் என்று முதல் நாள் சொல்ல வழியில்லை என்பதால், சராசரியே மருந்தின் விதியைத் தீர்மானித்தது.

பக்கவிளைவுப் பட்டியல் பார்க்கச் சாதுவானது. குமட்டல் 6 சதவீதம், வெற்று மாத்திரையில் 4. வயிற்றுப்போக்கு 9, எதிரே 7. இதற்காக யாரும் மருந்தை நிராகரிக்க மாட்டார்கள்.

சிக்கல் கல்லீரலில். சைப்3ஏ4 என்ற நொதி, நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும் பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது. பிளெகோனாரில் இந்த நொதியை அதிகமாகச் சுரக்கத் தூண்டியது. கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடயாலைச் சிதைப்பதும் இதே நொதிதான். நொதி கூடினால் ஹார்மோன் குறையும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் சிலருக்கு மாதவிடாய் அல்லாத நாளில் உதிரப்போக்கு வந்தது. இருவர் கருவுற்றார்கள். மாத்திரை உறையில் ஓர் எச்சரிக்கை வரி அச்சடித்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது, ஏனென்றால் தூண்டப்பட்ட நொதி மருந்தை நிறுத்திய அன்றே அடங்குவதில்லை, ஒன்றிரண்டு வாரம் ஆகும். சளி மறந்துபோன பிறகும் ஆபத்து ஓடிக்கொண்டிருக்கும். எச்ஐவி மருந்து சாப்பிடுபவர், உறுப்பு மாற்றிக்கொண்டு சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர் என்று அதே நொதியை நம்பி அளவு நிர்ணயித்துக்கொண்டவர்கள் வரிசையாக உண்டு.

மருந்துக்கு மசியாத வைரஸ் இன்னொரு கேள்வி. சிகிச்சை பெற்றவர்களில் சுமார் பத்தில் ஒருவரிடம், மருந்துக்குப் பிறகு மசிவது குறைந்த வைரஸ் வெளியேறியது. அந்த வைரஸ் வீட்டிலிருக்கும் குழந்தைக்குத் தொற்றுமா, அங்கேயும் நோஞ்சானாகத்தான் இருக்குமா? விடை சொல்லத் தரவு போதவில்லை.

குழுவின் மனத்தில் ஓடியிருக்கக்கூடிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மருந்துப் பக்கம் சுமார் ஆயிரம் பேர். ஒரு கொடிய பக்கவிளைவு அந்த ஆயிரத்தில் ஒருவருக்கும் வரவில்லை என்று வையுங்கள். அது இல்லவே இல்லை என்று பொருள் அல்ல. புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. n பேரில் பூஜ்யம் என்றால், உண்மை விகிதம் மூன்றை n-ஆல் வகுத்தது வரை இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஆயிரம் பேரில் பூஜ்யம் என்றால் ஆயிரத்துக்கு மூன்று வரை இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு கோடிப் பேர் சாப்பிடக்கூடிய சளி மாத்திரையில் அது 30,000 பேர். புற்றுநோய்க்கோ எய்ட்ஸுக்கோ இந்தக் கணக்கு வேறு மாதிரி முடியும். தானாக ஏழு நாளில் போகும் நோய்க்கு இப்படித்தான் முடியும்.

இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி உண்டு. 1999-இல் எஃப்டிஏ அனுமதித்த ஃப்ளூ மருந்தான ஓசெல்டமிவிர் சுருக்கியதும் 1.3 நாள்தானே? அதற்கு ஒரு நீதி, இதற்கு ஒரு நீதியா? என் கணிப்பில் நீதி ஒன்றுதான், தட்டில் வைத்த எடைதான் வேறு. ஃப்ளூ ஆளைக் கொல்லும் நோய். ஓசெல்டமிவிர் சைப் நொதிகளைச் சீண்டாது. ஒரு நாள் என்ற எண் இரண்டிலும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அதற்கு ஈடாகக் கொடுக்கும் விலை ஒன்றல்ல. பிளெகோனாரில் குழுவின் முன்னே சிலரைக் காப்பாற்றிய புள்ளிவிவரத்தோடு போய் நின்றிருந்தால் கருத்தடைச் சிக்கலை எச்சரிக்கை வரியில் முடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள், நுரையீரல் கெட்டவர்கள் போன்று சளியால் மருத்துவமனை வரை போகக்கூடியவர்களை விட்டுவிட்டு, எப்படியும் பிழைத்துக்கொள்ளும் ஆரோக்கியமானவர்களிடம் பலனைக் காட்டப் போனதுதான் வியூகப் பிழை.

பின்னர் ஷெரிங்-பிளவ் என்ற மருந்து நிறுவனம் உரிமை பெற்று, விழுங்கும் மாத்திரையை விட்டு மூக்கில் அடிக்கும் மருந்தாக்கியது. கல்லீரலுக்குப் போகும் அளவு குறையும் என்பது யோசனை. ஆஸ்துமா உள்ளவர்களிடம் இரண்டாம் கட்டம் வரை சோதித்தார்கள். அதற்கு மேல் நகரவில்லை. அதே பொந்தைக் குறிவைத்த வாபெண்டவிர் என்ற வேறொரு மருந்தும் 2017-இல் ஆஸ்துமாச் சோதனையில் இலக்கை எட்டவில்லை.

எதிர்பாராத இடம் ஒன்றில் பிளெகோனாரில் மீண்டும் தலைகாட்டியது. முதல் வகை நீரிழிவுக்குப் பின்னே, கணையத்தில் புகைந்துகொண்டிருக்கும் என்டரோவைரஸ் தொற்று இருக்கலாம் என்பது பழைய சந்தேகம். நார்வேயிலும் டென்மார்க்கிலும், நோய் கண்டு மூன்று வாரத்துக்குள் இருந்த 6 முதல் 15 வயதுக் குழந்தைகள் 96 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்குப் பிளெகோனாரிலும் ரிபாவிரின் என்ற இன்னொரு வைரஸ் மருந்தும் ஆறு மாதம் கொடுத்தார்கள். இரண்டு மருந்தாகக் கொடுத்ததற்குக் காரணம் தெளிவு. ஆப்பைப் பிடுங்கும் வைரஸுக்கு ஒரே ஆப்பை ஆறு மாதம் வைத்திருக்க முடியாது. 2023-இல் வெளியான முடிவில், உடல் சொந்தமாகச் சுரக்கும் இன்சுலினின் அடையாளமான சி-பெப்டைட் ஓராண்டில் வெற்று மருந்துக் குழுவில் 24 சதவீதம் குறைந்திருந்தது, சிகிச்சைக் குழுவில் 11 சதவீதம். நோய் போய்விடவில்லை, தேய்மானம் மெதுவானது. இங்கே ஆறு மாதம் மாத்திரை விழுங்குவது யாருக்கும் அநியாயமாகப் படவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைப்பது பச்சிளங்குழந்தைகள் சோதனை. பிரசவத்தை ஒட்டித் தாயிடமிருந்து என்டரோவைரஸ் தொற்றினால், சில சிசுக்களுக்குக் கல்லீரல் அழுகி, ரத்தம் உறையாமல், இதயத் தசை வீங்கி, ஒரு வாரத்துக்குள் உயிர் போகும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து பல ஆண்டுகள் தேடியும் சேர்க்க முடிந்தது 61 குழந்தைகளை. 43 பேருக்கு மருந்து, 18 பேருக்கு வெற்று நீர்மம். இரண்டு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் மருந்துப் பக்கம் 77 சதவீதம், மறுபக்கம் 56. வைரஸ் உறுதியான 43 குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்தால் எண்ணிக்கை சிறுத்து, வித்தியாசத்தை அடித்துச் சொல்ல முடியாமல் போகிறது. முடிவு அச்சில் வந்தது 2016-இல். குழு கூடி 14 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற வைரஸ் மருந்து இன்றுவரை இல்லை. போலியோவுக்காகச் செய்துகொண்டிருக்கும் பொகாபவிர் என்ற பொந்து மருந்தைச் சிறப்பு அனுமதி வாங்கிக் கொடுத்துப் பார்த்ததுண்டு. மற்றபடி மூச்சுக்கருவி, ரத்தம் உறையச் செய்யும் பொருள்கள், நரம்பு வழியே இம்யூனோகுளோபுலின். கல்லீரல் தானாகத் திரும்புகிறதா என்று மணிக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.